வழக்குப் போட்டுவிட்டார்கள், இனி என்ன செய்வது? வன்னிச் சாரதிகளின் கேள்விகளும் பதில்களும்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா நீதவான் நீதிமன்றங்களில் இருபது வருடமாக வீதி விபத்து வழக்குகளைப் பேசி வருகிறேன். விபத்துக்குப் பிறகு ‘கவனயீனமாக வாகனம் செலுத்தியது’ என்று குற்றம் சாட்டப்பட்டவர்கள் கேள்விகளை அனுப்பலாம் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பலருக்கும் உதவக்கூடியவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

விசுவமடு, ஹயஸ் வான் சாரதி: அண்ணை, இரவு ஏழரை மணி, பரந்தன் முல்லைத்தீவு வீதி. நெல் ஏற்றிய உழவு இயந்திரத்தின் பெட்டிக்குப் பின்னால் லைட் இல்லை. எதிரே வந்த டிப்பரின் வெளிச்சம் கண்ணில் அடித்ததால் தெரியாமல் இடித்துவிட்டேன். என்னோடு வந்தவருக்குக் கால் முறிவு. குற்றத்தை ஒத்துக்கொண்டால் அன்றைக்கே முடிந்துவிடும் என்கிறார்கள். ஒத்துக்கொள்ளவா?

அவசரப்படாதீர்கள் தம்பி. தவணைக்குத் தவணை அலைய முடியாது, ஒரு நாள் ஓட்டம் போகிறது என்று கூண்டில் ஏறின உடனே ‘குற்றவாளி’ என்று சொல்லிவிட்டு, வெளியில் வந்து என்னிடம் அழுதவர்கள் பலர். தண்டப்பணத்தோடு எல்லாம் முடியும் என்று நினைக்கிறார்கள். அனுமதிப்பத்திரத்தை இடைநிறுத்தவோ இரத்துச் செய்யவோ நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. காயப்பட்டவருக்கு நட்டஈடு கட்டவும் சொல்லலாம். ஹயஸ் ஓடிப் பிழைக்கிற உங்களுக்கு அந்த அனுமதிப்பத்திரம்தான் சோறு.

முதலில் குற்றப்பத்திரத்தின் பிரதியைக் கையில் எடுங்கள். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 151ஆம் பிரிவில் கண்மூடித்தனமாக, ஆபத்தாக ஓட்டுவது வேறு. கவனமில்லாமல், மற்றவர்களை எண்ணிப் பாராமல் ஓட்டுவது வேறு. கால் முறிந்திருப்பதால் தண்டனைச் சட்டக்கோவையின் கீழ், கவனயீனத்தால் பாரதூரமான காயம் விளைவித்தது என்றும் ஒரு குற்றச்சாட்டு சேர்ந்திருக்கலாம். எதற்கு ‘ஓம்’ சொல்லப் போகிறீர்கள் என்று தெரியாமல் சொல்லக் கூடாது.

விபத்து நடந்தது என்பது மட்டும் கவனயீனத்துக்குச் சாட்சியாகாது. நிதானமான ஒரு சாரதி அந்த இடத்தில் என்ன செய்திருப்பார், நீங்கள் அதைச் செய்யாமல் விட்டீர்களா என்பதை நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் பொலிஸார்தான் நிரூபிக்க வேண்டும். ஆனால் ‘வெளிச்சம் கண்ணில் அடித்தது’ என்பதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். கண் தெரியவில்லை என்றால் ஏன் வேகத்தைக் குறைக்கவில்லை என்பதுதான் அடுத்த கேள்வி. உங்கள் லைட் எட்டுகிற தூரத்துக்குள் வாகனத்தை நிறுத்தக்கூடிய வேகத்தில் வந்தீர்களா? உங்களுக்கே தெரியும். வரவில்லை என்றால் அதைச் சட்டத்தரணியிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தவறு உண்மையிலேயே உங்களுடையது என்றால், எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டு ஒத்துக்கொண்டு தண்டனையைக் குறைக்கக் கேட்பது மரியாதையான வழி.

உழவு இயந்திரப் பெட்டியின் படம் யாரிடமாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இதே மாதிரி ஒரு வழக்கில் பெட்டியில் லைட் இருந்தது என்று பொலிஸ் சாட்சி சொன்னார். விபத்தன்று ஒரு பொடியன் போனில் எடுத்த படத்தைக் காட்டினோம். சிவப்பு ரிஃப்ளெக்டர் இருந்தது உண்மைதான். ஆனால் முழுக்க வயல் சேறு காய்ந்து கிடந்தது. யாரோ பெருவிரலால் துடைத்த ஒரு கோடு மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. நீதவான் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். வாகனங்களை நகர்த்திய பிறகு, மழை பெய்த பிறகு, இப்படி ஒரு சாட்சி கிடைக்காது.

முள்ளியவளை, தாய்: என் மகனுக்கு 19 வயது. மோட்டார் சைக்கிளில் போய் சைக்கிளில் வந்த ஐயா ஒருவரை இடித்துவிட்டான். பொலிஸில் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி ஒப்பம் வாங்கினார்களாம். என்ன எழுதினார்கள் என்று அவனுக்குத் தெரியாது.

அம்மா, இந்தக் கேள்வி எனக்கு மனவருத்தம் தருகிறது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் இது நின்றபாடில்லை. வடக்கு, கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பே சொல்கிறது. 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110ஆம் பிரிவின்படி, எழுதிய மொழி விளங்காதவருக்கு விளங்கும் மொழியில் அதைச் சொல்ல வேண்டும். திருத்தவும் கூட்டிச் சொல்லவும் இடம் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஒப்பம். மகன் அன்று பொலிஸ் நிலையத்தில் யாரோடு இருந்தான், யார் எழுதினார், என்ன கேட்டார்கள் என்பதை மறக்கும் முன் ஒரு கொப்பியில் திகதியோடு எழுதச் சொல்லுங்கள். முதல் தவணைக்கு முன்னமே சட்டத்தரணியிடம் அதைக் கொடுங்கள்.

இனி யாருக்காவது இப்படி நடந்தால் ‘தமிழில் எழுதுங்கள், அல்லது தமிழில் வாசித்துக் காட்டுங்கள்’ என்று அமைதியாகக் கேளுங்கள். கேட்பது சண்டை இல்லை. அப்புறம், மகனிடம் அனுமதிப்பத்திரம் இருந்ததா என்பதை நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் அது தனிக் குற்றம்; விபத்தில் பிழை யாருடையது என்பது வேறு கேள்வி. அது இல்லாததற்காக இதையும் சேர்த்து ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கனகராயன்குளம்: ஏ9 வீதியில் கட்டாக்காலி மாடு குறுக்கே பாய்ந்து விழுந்தேன். பின்னால் இருந்த மனைவிக்குக் காயம். என் மேலும் வழக்கு வருமா?

வரலாம். மாடு திடீரென்று பாய்ந்ததா, முன்னமே வீதியில் படுத்திருந்ததா என்பதில்தான் வழக்கு நிற்கும். பாய்ந்த மாட்டுக்கு நீங்கள் பொறுப்பில்லை. படுத்திருந்த மாட்டைக் காணவில்லை என்றால் வேகத்தைத்தான் கேட்பார்கள். உரிமையாளர் யாரென்று தெரிந்தால் பொலிஸ் பதிவில் அதையும் சேர்க்கச் சொல்லுங்கள். மாட்டைப் பிடித்துக் கட்டித் தண்டம் அறவிட பிரதேச சபைக்கு அதிகாரம் இருக்கிறது. அங்கேயும் ஒரு கடிதம் கொடுங்கள்.

பரந்தன், பட்டா (சிறிய லொறி) சாரதி: காயப்பட்டவரின் வீட்டாருக்கு ஆஸ்பத்திரியில் வைத்து 50,000 ரூபாய் கொடுத்து சமாதானமாகப் போய்விட்டோம். பிறகும் அழைப்பாணை வந்திருக்கிறது.

வரத்தான் செய்யும். குற்ற வழக்கு உங்களுக்கும் பொலிஸுக்கும் இடையில் உள்ளது. வீட்டார் சம்மதித்தார்கள் என்பதால் அது தானாக நின்றுவிடாது. தவணைக்குப் போகாமல் விட்டால் பிடியாணை வரும். போங்கள். பணம் கொடுத்தது வீண் இல்லை, தண்டனை சொல்லும்போது அதைக் கருத்தில் எடுப்பார்கள். ஆனால் எழுத்தில் இருக்க வேண்டும்: யார், எவ்வளவு, எதற்கு, எந்தத் திகதி, இரண்டு சாட்சிகளின் ஒப்பம். நட்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போட அவர்களுக்கு இரண்டு வருடம் இருக்கிறது. அப்போதும் அந்தக் கடதாசிதான் உங்களுக்குக் கைகொடுக்கும்.

மாங்குளம்: நிறுத்தினால் சனம் அடிக்கும் என்று பயந்து ஓடிவிடுகிறோம். பிழையா?

பிழை. நிறுத்துவது, காயப்பட்டவருக்கு உதவுவது, பொலிஸுக்கு அறிவிப்பது மூன்றும் சட்டக் கடமை. உயிருக்கு உண்மையிலேயே ஆபத்து என்றால் நேரே பக்கத்துப் பொலிஸ் நிலையத்துக்கு வண்டியை விடுங்கள். போகிற வழியிலேயே 1990க்கு எடுத்து அம்புலன்ஸ் கேளுங்கள், 119க்கும் சொல்லுங்கள். அந்த அழைப்பின் நேரம் உங்கள் போனில் பதிந்திருக்கும். வீட்டுக்கு ஓடினவருக்காகப் பேச என்னிடம் எதுவும் இருப்பதில்லை.

ஒட்டுசுட்டான்: சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை.

1978ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான சட்ட உதவி ஆணைக்குழு வருமானம் குறைந்தவர்களுக்காகவே இருக்கிறது. அழைப்பாணை, அடையாள அட்டை, கிராம அலுவலரின் வருமானக் கடிதம் மூன்றையும் எடுத்துக்கொண்டு தவணைக்கு முதலே போங்கள். தவணையன்று காலையில் நீதிமன்ற வாசலில் ஆள் தேடாதீர்கள்.

நெடுங்கேணி: என் வாகனத்தில் அடிபட்டு ஒரு பிள்ளை இறந்துவிட்டது. பிணையில் இருக்கிறேன். பிள்ளையின் எட்டுச் செலவுச் சடங்குக்குப் போகலாமா? போனால் குற்றத்தை ஒத்துக்கொண்டதாகிவிடும் என்கிறார்கள். நித்திரை இல்லை.

தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கவனயீனத்தால் மரணம் விளைவித்தது தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு. ஐந்து வருடம் வரை சிறை விதிக்கலாம். ஆகவே சட்டத்தரணி இல்லாமல் ஒரு தவணைக்கும் போகாதீர்கள். பிணை நிபந்தனையில் சாட்சிகளோடு தொடர்பு வைக்கக் கூடாது என்று இருந்தால், அந்த வீட்டில் யாராவது சாட்சியாக இருக்கிறார்களா என்று முதலில் கேட்டறியுங்கள்.

செத்த வீட்டுக்குப் போவதைக் குற்றத்தை ஒத்துக்கொண்டதாக ஒரு நீதிமன்றமும் எடுக்காது. ஆனால் தனியாகப் போகாதீர்கள். ஊரில் இரு வீட்டாருக்கும் பொதுவான ஒரு பெரியவரை, ஐயரை அல்லது பாதரை, முதலில் அனுப்பி அவர்கள் சம்மதிக்கிறார்களா என்று கேட்கச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் அதை மதித்து நில்லுங்கள். சம்மதித்தால் போங்கள். அங்கே வழக்கைப் பற்றிப் பேச வேண்டாம், பிழை யாருடையது என்று பேச வேண்டாம், காசு நீட்ட வேண்டாம்.

முன்பு ஒருவர் இப்படிப் போனபோது நானும் கூடப் போனேன். அவர் முற்றத்துக் கதிரையில் இருக்கவில்லை, வேலியோரம் நின்றார். கொஞ்ச நேரத்தில் பிள்ளையின் அம்மம்மா வந்து தேத்தண்ணிக் கோப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் உள்ளே போனார். அவர் அதை முழுவதும் குடித்தார். உங்களுக்கும் அப்படி நடக்கும் என்று நான் சொல்ல முடியாது. பெரியவரிடம் நாளைக்கே போய்க் கேளுங்கள்.