இன்ஜலாக் ஓவிய மையத்துக்குப் போகிறீர்களா? முதலில் ஆற்றின் நேரம் பாருங்கள்

கேள்வி: சிட்னியில் வசிக்கிறோம். ஜூலை விடுமுறையில் டார்வினுக்கும் ககாடு தேசியப் பூங்காவுக்கும் போகிறோம். குன்பலான்யா என்ற ஊரில் பழங்குடி ஓவியர்கள் வேலை செய்யும் இன்ஜலாக் ஓவிய மையத்தையும் பார்க்க ஆசை. 70 வயது அம்மாவும் 11 வயது மகளும் உடன் வருகிறார்கள். வாடகைக் காரில் நேரே போய்விடலாமா? அங்கே என்ன செய்யலாம்? ஓவியம் வாங்கினால் எப்படிக் கொண்டுவருவது?

பதில்: நேரே போக முடியாது. அனுமதிச் சீட்டு, ஆற்றின் வற்றம் (கடல் ஏற்றம் இறங்கி நீர் வடிந்திருக்கும் நேரம்), மையம் திறந்திருக்கும் நேரம் ஆகிய மூன்றும் ஒரே நாளில் கூடிவர வேண்டும். ஏமாந்து திரும்புகிறவர்கள் பெரும்பாலும் இதில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பியவர்கள்தான்.

குன்பலான்யா, ஈஸ்ட் அலிகேட்டர் ஆற்றுக்குக் கிழக்கே ஆர்னம் லேண்ட் என்ற பழங்குடிப் பகுதியில் இருக்கிறது. 1976-ஆம் ஆண்டு நில உரிமைச் சட்டப்படி அது பழங்குடி மக்களின் சொந்த நிலம். ஆற்றைத் தாண்டவே, அந்த நிலங்களைக் கவனிக்கும் அமைப்பான நார்தர்ன் லேண்ட் கவுன்சிலின் அனுமதிச் சீட்டு வேண்டும். ககாடு பூங்காவுக்கு வாங்கும் நுழைவுச் சீட்டு இங்கே செல்லாது. இரண்டு வாரம் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். காரில் வரும் எல்லோருடைய பெயரும் அதில் இருக்கட்டும். சனி, ஞாயிறில் கவுன்சில் அலுவலகத்தை எதிர்பார்க்காதீர்கள். சீட்டில் குறிப்பிட்ட வழியை விட்டு ஊருக்குள் சுற்றுவது சரியல்ல. மதுவை எடுத்துப் போகவே கூடாது.

அடுத்தது ஆறு. ககாடுவில் உள்ள ஜபிரு என்ற ஊரிலிருந்து குன்பலான்யா ஏறக்குறைய 60 கி.மீ. நடுவில் கேஹில்ஸ் கிராசிங் என்ற தாழ்வான சிமென்ட் பாதை. கடல் ஏற்றம் இங்கே வரை ஏறி வரும், பாதை மூழ்கிவிடும். வண்டிகள் அடித்துச் செல்லப்படுவது இங்கே புதிதல்ல. டார்வின் துறைமுக அட்டவணையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். இந்த இடத்துக்கென்றே தனி நேர அட்டவணை கிடைக்கும். வற்றத்தை ஒட்டிக் கடந்து போய், அடுத்த ஏற்றம் பாதையை மூடுமுன் திரும்புங்கள். அல்லது அது வடியும்வரை அந்தப் பக்கமே இருந்துவிடுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் கூடுதல். அந்த நாட்களைத் தவிர்த்தால் நல்லது. ஆழம் காட்டும் கம்பத்தைப் பார்க்காமல் இறங்காதீர்கள். ஆழம் பார்க்கக் காலை வைப்பது, ஓரத்தில் நின்று மீன் பிடிப்பது எதுவும் வேண்டாம். உவர்நீர் முதலைகள் கூட்டமாகக் கிடக்கும் இடம் இது. 2017 ஜனவரியில் நடந்தே கடக்க முயன்ற ஒருவரை முதலை கொன்றது.

உயரமான நான்கு சக்கர இயக்க வண்டி தேவை. வாடகை ஒப்பந்தத்தில் ஆற்றைக் கடக்கவும் மண் சாலையில் ஓட்டவும் அனுமதி உண்டா என்று படித்துப் பாருங்கள்; பெரும்பாலும் இருக்காது, காப்பீடும் கைவிட்டுவிடும். உங்களைப் போல வயதானவரோடு போகிறவர்களுக்கு என் பரிந்துரை, ஜபிருவிலிருந்து அனுமதிச் சீட்டையும் சேர்த்தே ஏற்பாடு செய்யும் ஒருநாள் சுற்றுலாதான். செலவு கூடும், தலைவலி குறையும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மையத்துக்கு ஃபோன் செய்யுங்கள். ஊரில் சாவு நேர்ந்தால் மையம் மூடியிருக்கலாம், வழிகாட்டிகளும் வரமாட்டார்கள். அதற்காகப் பயணத்தில் ஒரு நாளை உபரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

1989-இல் தொடங்கிய இன்ஜலாக் ஒரு வேலைக்கூடம். ஆட்கள் உட்கார்ந்து வேலை செய்வதைப் பார்க்கத்தான் போகிறீர்கள். இன்ஜலாக் குன்றின் பாறை ஓவியங்களை உள்ளூர் வழிகாட்டியோடு மட்டுமே பார்க்கலாம். இரண்டு மூன்று மணி நேரம், செங்குத்தான பாறை ஏற்றம். மகளை அழைத்துப் போங்கள்: மூடிய காலணி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், காலையிலேயே புறப்பாடு. முழங்கால் வலி இருந்தால் அம்மா ஏற வேண்டாம்.

அவருக்குக் கீழேயே நல்ல வேலை இருக்கிறது. பாய், கூடை முடையும் பெண்கள் பயன்படுத்துவது நம் தாழையின் இனம்தான். நடுக்குருத்தை இழுத்துப் பறித்து, இரு விளிம்பிலும் நடு நரம்பிலும் ஓடும் முள்ளை உரித்துவிட்டு, நகத்தால் ஓலையை இரண்டு படலமாகப் பிரிப்பார்கள். ஓலை பச்சையாக இருக்கும்போதே பிரித்தாக வேண்டும். காய்ந்துவிட்டால் கிழியுமே தவிரப் பிரியாது. பிறகு வேர்ச் சாயத்தில் கொதிக்க வைத்தால் மஞ்சள். அதே சாயத்தில் சாம்பலைச் சேர்த்தால் சிவப்பு. கற்றுக்கொள்ள ஆசையென்றால் முன்கூட்டியே கேட்டு, அதற்கான கட்டணத்தையும் பேசிவிடுங்கள். உட்கார்ந்தவுடன் கூடை வந்துவிடாது. ஒரு காலைப்பொழுதில் ஓலை பிரிக்கப் பழகினாலே பெரிது.

ஓவியர்களின் கையைக் கவனியுங்கள். கோரைத் தண்டின் நுனியைச் சில நார்கள் மட்டும் மிஞ்சும்படி சீவி, அதைத் தூரிகையாக்கி, ஒரே இழுப்பில் மயிரிழைக் கோடு போடுவார்கள். குறுக்கும் நெடுக்குமான இந்த நிரப்பலுக்கு 'ராக்' என்று பெயர். படம் எடுக்கும்முன் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். கதை கேட்டால் வெளியாருக்குச் சொல்லக்கூடிய அளவு சொல்வார்கள், அதற்குமேல் துருவாதீர்கள்.

வாங்கும்போது பேரம் பேச வேண்டாம். ஓவியர் பெயர், பட்டியல் எண், கதை அடங்கிய சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். நகரத்து நினைவுப்பொருள் கடைகளில் ஏமாற்று உண்டு: இந்தோனேசியாவில் செய்த பொருட்களைப் பழங்குடியினர் கைவேலை என்று விற்ற ஒரு நிறுவனத்துக்கு 2019-இல் நீதிமன்றம் 23 லட்சம் டாலர் அபராதம் விதித்தது.

காகித ஓவியத்தைச் சுருட்டினால் வண்ணப் பக்கம் வெளியே இருக்கட்டும். உள்ளே சுருட்டினால் வண்ணம் நெருங்கி வெடிக்கும். அகலமான குழாய், இடையில் மெல்லிய தாள். மரப்பட்டை ஓவியத்தைச் சுருட்டவே முடியாது. மழைக்காலத்தில் உரித்து, நெருப்பில் வாட்டி, பாரம் வைத்துத் தட்டையாக்கிய பட்டை அது. ஈரப்பதம் மாறினால் மறுபடி வளையும். வளைந்ததை அழுத்தி நேராக்கப் பார்த்தால் பிளந்துவிடும். இரு பலகைகளுக்கு இடையே தளர்வாக, வண்ணத்தில் எதுவும் உரசாதபடி கட்டச் சொல்லுங்கள். வீட்டில் வெயிலும் ஏசிக் காற்றும் நேரே படாத சுவராகப் பாருங்கள். மண் வண்ணம் என்பதால் ஈரத்துணி படவே கூடாது. தூசியை மென்மையான உலர்ந்த தூரிகையால் தட்டினால் போதும்.