வைஸில் வைத்துத் தட்டினால் நேராகுமா?

கேள்வி: அப்பச்சி பெயரில் லைசென்ஸ் உள்ள .32 ரிவால்வர் வீட்டில் இருக்கிறது, கான்பூர் தயாரிப்பு. பெட்டகத்திலிருந்து எடுக்கும்போது கை நழுவிக் கருங்கல் படியில் விழுந்ததில் குழல் நுனியில் குறிபார்க்க இருக்கிற முன் சைட் இடப்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. யூடியூபில் அமெரிக்காக்காரர்கள் வைஸில் (பட்டறை இடுக்கியில்) பிடித்துப் பித்தளைச் சுத்தியலால் தட்டி நேராக்குகிறார்கள். எங்கள் வீட்டிலும் வைஸ் இருக்கிறது. இல்லையென்றால் காரைக்குடியில் தெரிந்த லேத் பட்டறை இருக்கிறது. செய்யலாமா?
– தேவகோட்டை வாசகர்

பதில்: வேண்டாம் தம்பி. வீட்டிலும் வேண்டாம், லேத் பட்டறையிலும் வேண்டாம். அமெரிக்காவில் சொந்தத் துப்பாக்கியை வீட்டு மேசையில் பிரித்துப் போட்டு ரிப்பேர் செய்ய அநேகமாகத் தடை ஏதும் இல்லை, அதனால் அவர்கள் வீடியோ போடுகிறார்கள். இங்கே 1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு, துப்பாக்கி தயாரிப்பது, விற்பது போலவே ரிப்பேர் செய்வதற்கும் தனி லைசென்ஸ் கேட்கிறது. அப்பச்சியிடம் இருப்பது வைத்துக்கொள்வதற்கான லைசென்ஸ், ரிப்பேருக்கானது இல்லை. மீறினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை குறைந்தது 7 வருடம், ஆயுள் வரை போகலாம். பட்டறைக்காரர் உங்கள் முகத்துக்காகச் சரி என்று வாங்கி வைத்தால் அவரும் சேர்ந்து மாட்டுவார், பாவம். துடைப்பது, எண்ணெய் போடுவது எல்லாம் வழக்கமான பராமரிப்பு, அதை யாரும் கேட்கப்போவதில்லை.

சரி, சட்டமே இல்லை என்று வைத்துக்கொள்வோம், அப்போதும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். வளைந்த இரும்பைத் திருப்பி வளைக்கும்போது அது பழைய இரும்பாக இருப்பதில்லை. மடிந்த இடம் இறுகிப்போயிருக்கும், இரண்டாவது தட்டில் அடிப்பக்கம் மயிரிழையாக விரிசல் விட்டு, வேறொரு நாள் சுடும்போது சைட் தெறித்துப் போகும். வைஸில் குழலின் வாய்ப்பக்கத்தை இறுக்கினால் வட்டம் நசுங்கலாம், நசுங்கிய குழலுக்கு மருந்தே இல்லை. குழலை விட்டுவிட்டு உடம்பைப் பிடித்துக்கொண்டு தட்டினால் அந்த அடி முழுவதும் குழலும் உடம்பும் மடங்குகிற கீல் மேல் இறங்கும். இன்னும் சிலர் கேஸ் அடுப்பில் காட்டி இளக்கலாம் என்பார்கள், கருநீலப் பூச்சு போய்விடும், பற்றவைத்த சைட் என்றால் பற்றும் விட்டுப்போகும்.

சாய்ந்த சைட்டோடு அப்படியே வைத்திருந்தால் என்ன என்றும் கேட்பீர்கள். இடப்பக்கம் சாய்ந்த முன் சைட்டைப் பின் சைட்டின் வெட்டுக்கு நடுவில் கொண்டுவர நீங்கள் குழலையே வலப்பக்கம் திருப்புவீர்கள், குண்டு வலப்பக்கம் போகும். இரண்டு சைட்டுக்கும் இடையே 15 செ.மீ. என்று வைத்தால், நுனி 1 மி.மீ. நகர்ந்ததற்கு 10 மீட்டரில் ஏறக்குறைய 6.7 செ.மீ. தள்ளிப்படும். கண்ணுக்குத் தெரிகிற அளவு சாய்ந்திருக்கிறது என்றால் உங்களுடையது அதற்கும் மேலேயே இருக்கும்.

உண்மையில் எனக்குக் கவலை சைட்டைப் பற்றி இல்லை. கல்லில் விழுந்து சைட் மடங்குகிற அளவுக்கு அடி பட்டிருக்கிறது என்றால் மற்றதெல்லாம் தப்பித்ததா என்று பார்க்க வேண்டும். தோட்டாக்களை எடுத்துவிட்டு, ஆறு அறையும் காலி என்று கண்ணால் பார்த்து விரலாலும் தடவிய பிறகு பாருங்கள். குழல் வாயின் விளிம்பில் பள்ளமோ பிசிறோ இருக்கிறதா? சிலிண்டர் தடங்கல் இல்லாமல் சுற்றுகிறதா? வெப்லி என்கிற இங்கிலாந்துக் கம்பெனியின் வம்சத்து மடக்கு ரிவால்வர்களில் பின் சைட்டின் வெட்டு, மூடிப் பூட்டுகிற கொக்கியின் தலையிலேயே இருக்கும், கான்பூர் .32-வும் அந்த வழி வந்ததுதான். கொக்கியில் ஆட்டம் இருந்தால் முன் சைட்டை எவ்வளவு நேராக்கினாலும் குறி நிற்காது, அதை விடப் பெரிய விஷயம், அப்படிப்பட்டதைச் சுடவே கூடாது. இதில் எது தென்பட்டாலும் கடைக்காரரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள், சைட்டை அப்புறம் பேசலாம்.

ரிப்பேருக்கும் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடைக்குத்தான் போக வேண்டும். வெறும் விற்பனை லைசென்ஸோடு நடக்கிற கடையும் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். அப்பச்சிக்கு வயதாகி அலைய முடியாது என்றால், லைசென்ஸ்தாரர் எழுத்தில் அனுமதி கொடுத்து இன்னொருவர் ரிப்பேருக்கு எடுத்துப்போக 3-ஆவது பிரிவிலேயே இடம் இருக்கிறது. அவர் கையெழுத்திட்ட கடிதத்தில் துப்பாக்கி எண்ணும் கடை பெயரும் இருக்கட்டும், அசல் லைசென்ஸும் கூடவே போகட்டும், தோட்டா பெட்டகத்திலேயே இருக்கட்டும். கடையில் எண் போட்ட ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

அங்கே, சிறு ஆணி (pin) அடித்துச் செருகிய சைட் என்றால் பழையதைத் தட்டிக் கழற்றிப் புதிது போடுவார்கள், அதுதான் நல்ல வேலை. புதியதைக் கொஞ்சம் உயரமாகவே விட்டுச் சுட்டுப் பார்த்துப் பிறகு அரத்தால் ராவுவார்கள், ஏனென்றால் சைட் உயரமாக இருந்தால் குண்டு கீழே படும், ராவ ராவ மேலே ஏறும், ராவியதை ஒட்ட முடியாது. சோதனைச் சுடுதலை அவர்களிடமே முடித்துக்கொள்ளுங்கள், கண்மாய்க் கரையில் போய் நாமே ஒரு ரவுண்டு போட்டுப் பார்க்கலாம் என்கிற ஆசை மட்டும் வேண்டாம்.

கேள்வி: ஏர்கன் முன் சைட் வளைந்தாலும் இதே கதைதானா?
– திருப்பத்தூர் வாசகர்

பதில்: இல்லை. 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள ஏர்கனுக்கு 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் வேண்டாம், வீட்டிலேயே கை வைக்கலாம். பெல்லட் இல்லை, ஸ்பிரிங் ஏற்றவில்லை என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். வளைந்ததை நிமிர்த்த மெனக்கெடாதீர்கள், பெரும்பாலும் பிளாஸ்டிக் அல்லது வார்ப்பு, உடைந்துதான் போகும். அந்த மாடலுக்கான புது சைட்டை வாங்கிக் காடியில் செருகி, பித்தளைத் துண்டை வைத்து மெதுவாகத் தட்டி நகர்த்துங்கள். பெல்லட் எந்தப் பக்கம் விலகுகிறதோ முன் சைட்டையும் அதே பக்கம் தள்ள வேண்டும், எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டுத்தான் எழுதுகிறீர்கள். சரிபார்க்க அட்டையில் சுடுங்கள், பறவை மேல் வேண்டாம், வேட்டங்குடி சரணாலயம் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது, கொள்ளுகுடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடிகூட வெடிப்பதில்லை. பெல்லட் போடாமல் சும்மா அழுத்திப் பார்க்கவும் கூடாது, பிஸ்டன் சீல் கெட்டுப்போகும்.