பிளட் கேன்சர் டயக்னோசிஸ ஆன்லைன்ல சொல்லித்தர்றது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், டிரெய்னீஸ்க்கு ஸ்மியர் (கண்ணாடி ஸ்லைடுல தடவின ரத்தம்) போட்டோ போட்டு கீழ நாலு ஆப்ஷன் குடுத்தா போதுமா?

பதில்: போதாதுங்க. நீங்க எடுத்துக் குடுத்த செல்லத்தான் அவங்க பாப்பாங்க, நிஜத்துல அந்த செல்ல தேடிப் பிடிக்கறதே பாதி வேலை. முழு ஸ்லைட ஸ்கேன் பண்ணிப் போடுங்க, அவங்களே ஜூம் பண்ணி அலையட்டும். அப்புறம் ஹிஸ்டரி, சிபிசி (ரத்த அணு எண்ணிக்கை), ஸ்மியர்னு ஒண்ணொண்ணா திறந்து, ஸ்மியர்ல நிறுத்தி "என்ன நினைக்கறீங்க, அடுத்து என்ன டெஸ்ட் கேப்பீங்க"ன்னு எழுத வைங்க, எழுதினாத்தான் ஃப்ளோ சைட்டோமெட்ரி (செல்லோட மார்க்கர்கள லேசர் வெச்சு பாக்கற டெஸ்ட்) ரிசல்ட் திறக்கணும். முன்னாடியே விடை தெரிஞ்சா எல்லாரும் "நானும் அதத்தான் நினைச்சேன்"னுடுவாங்க!

கேள்வி: ஒரே ஸ்லைடுக்கு பிளாஸ்ட் (முதிராத ரத்த செல்) கவுண்ட் ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, யாருக்கு மார்க் போடறது டாக்டர்?

பதில்: அந்த வித்தியாசமே நல்ல பாடம்தான். உண்மையான பிளாஸ்ட் 20 சதவீதம்னு வைங்க, 100 செல் மட்டும் எண்ணினா 12லேருந்து 28 வரைக்கும் எதுவும் வரலாம், 500 எண்ணினா சுமாரா 16லேருந்து 24. மேரோல (எலும்பு மஜ்ஜைல) 500 எண்ணச் சொல்றது இதுக்குத்தான். எல்லாரோட நம்பரையும் ஒரே கிராஃப்ல காட்டுங்க, ஒத்த நம்பருக்கு மார்க் போடாதீங்க. புரோமோனோசைட்டையும் (மோனோசைட்டா முதிரப் போற செல்) பிளாஸ்ட் கணக்குல சேக்கணும்ங்கறத நிறைய பேர் மறந்துடறாங்க, அதுக்குன்னு தனியா ஒரு கேஸ் வைங்க.

கேள்வி: முதல் கேஸ் எது வைக்கலாம்?

பதில்: யோசிக்கவே வேணாம், ஏபிஎல் (அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகேமியா). சந்தேகம் வந்தாலே ஏடிஆர்ஏ மருந்த ஆரம்பிக்கணும், இந்த நோய உறுதி பண்ற பிஎம்எல்-ராரா ஜீன் டெஸ்ட் ரிப்போர்ட்டுக்காக காத்திருக்கக்கூடாது, ஏன்னா ரத்தக்கசிவுலதான் ஆரம்பத்துலயே ஆள் போறது. "ரிப்போர்ட் வரட்டும்"னு கிளிக் பண்றவங்களுக்கு அடுத்த ஸ்க்ரீன்ல பிளேட்லெட்டும், ரத்தத்த உறைய வைக்கற ஃபைப்ரினோஜனும் இறங்கி, பேஷண்டுக்கு மூளைல ரத்தம் கசியற மாதிரி வைங்க. கொஞ்சம் கொடூரம்தான், ஆனா மறக்கமாட்டாங்க. ஆவர் ராட் (செல்லுக்குள்ள ஊசி மாதிரி தெரியற குச்சி) கத்தையா இருக்கற செல்ல எல்லாரும் கண்டுபிடிச்சுடுவாங்க, அதனால கிரான்யூல் கம்மியா, நியூக்ளியஸ் ரெண்டா மடிஞ்சு மோனோசைட் மாதிரி ஏமாத்தற வேரியண்டையும் வைங்க, கோட்ட விடறது அங்கதான்.

கேள்வி: ஃப்ளோ சைட்டோமெட்ரிய எப்படி இன்டராக்டிவ்வா ஆக்கறது டாக்டர்?

பதில்: ரெடிமேட் பிளாட் படம் வேணாம்ப்பா. பேர் நீக்கின ரா டேட்டாவ குடுத்து சிடி45 (செல் மேல இருக்கற ஒரு மார்க்கர்), சைட் ஸ்கேட்டர் (செல்லுக்குள்ள கிரான்யூல் எவ்வளவுன்னு காட்டறது) பிளாட்ல அவங்களே கேட் போடட்டும், அதாவது வேண்டிய செல்கள கோடு போட்டுப் பிரிக்கட்டும். சிடி45 மங்கலா இருக்கற இடத்துல பிளாஸ்ட் கிடைக்கும், அப்புறம் சிடி19, சிடி10 மார்க்கர்கள பாத்துட்டு பி-ஏஎல்எல்னு (பி செல்லுல வர்ற அக்யூட் லுகேமியா) குதிப்பாங்க. அடுத்த கேஸ்ல, கீமோ முடிஞ்சு தேறிட்டு வர்ற ஒரு குழந்தையோட மேரோவ வைங்க, அதுல இருக்கற நார்மல் ஹெமட்டோகோனும் (முதிராத பி செல்) அதே சிடி19, சிடி10தான் காட்டும். அது ஒரே மாதிரி நிக்காது, முதிர முதிர மார்க்கர் மாறிட்டே வரும். அத அவங்களா பிடிக்கட்டும்.

கேள்வி: ஏஎம்எல்-க்கு (அக்யூட் மைலாய்டு லுகேமியா) பிளாஸ்ட் 20 சதவீதம் இருக்கணும்ங்கற விதி இப்பவும் செல்லுமா?

பதில்: பாதி செல்லும். முன்னாடி 30 இருந்தத டபிள்யூஹெச்ஓ 2001-ல 20 ஆக்குனாங்க, 2022-ல என்பிஎம்1 மாதிரி சில ஜீன் மாற்றம் இருந்தா கட்-ஆஃபே இல்லன்னாங்க. அதே வருஷம் வந்த ஐசிசி-ங்கற இன்னொரு வகைப்பாடு அதுல பலதுக்கும் 10-னு சொல்லுது. எத வெச்சு விடை சொல்றீங்கன்னு கேஸ்லயே போட்டுடுங்க, இல்லன்னா சண்டைதான்.

கேள்வி: அப்போ மைக்ராஸ்கோப் தேவையே இல்லையா?

பதில்: அதெப்படி? 40எக்ஸ்ல ஸ்கேன் பண்ண ஸ்லைடுல பெரும்பாலும் ஒரே ஃபோகஸ்தான், மெல்லிசான ஆவர் ராட் சிலசமயம் தெரியவே தெரியாது. ஆயில் போட்டு 100எக்ஸ்ல ஃபோகஸ திருகித் திருகி பாத்துப் பழகணும். ஸ்லைட ஏத்தறதுக்கு முன்னாடி லேபிள்ல, ஃபைலுக்குள்ள பேஷண்ட் பேரு இருக்கான்னும் பாத்துடுங்க.