வேலி உங்கள் நிலத்தில். முள்கம்பி யார் நிலத்தில்?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. பெரும்பாலும் பெங்களூரா, கொஞ்சம் செந்தூரா. காய் முற்றும் நேரத்தில் இரவோடு இரவாகப் பறித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அதனால் எல்லைக் கோட்டிலேயே இரும்பு ஆங்கிள் கம்பங்கள் நட்டு, ஆறு அடி உயரத்துக்கு வலைக்கம்பி கட்டியிருக்கிறோம். இப்போது ஒவ்வொரு கம்பத்தின் தலையிலும் ஒன்றரை அடி நீளமுள்ள சாய்வு ஆங்கிளைப் பற்றவைத்து, மூன்று வரி முள்கம்பி இழுத்து வருகிறோம். ஆள் ஏற முடியாதபடி வெளிப்பக்கமாகச் சாய்த்திருக்கிறோம். வடக்கே பெரியப்பா மகனின் நிலம். கிழக்கே பாகப்பிரிவினையின்போது விட்ட பன்னிரண்டு அடி வண்டிப்பாதை. “என் நிலத்துக்கு மேலே உன் கம்பி வரக்கூடாது” என்று சொல்லி, அண்ணன் இரண்டு ஆங்கிள்களைக் கடப்பாரையால் வளைத்துவிட்டார். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தேன். மனு ரசீதோடு நிறுத்திவிட்டார்கள். அவர்மீது வழக்குப் போட முடியுமா? கம்பி கிழித்து யாருக்காவது காயம் ஏற்பட்டால் நான் பொறுப்பா? மேல் கம்பியில் சோலார் மின்சாரம் கொடுக்கலாம் என்கிறார் என் மைத்துனர். செய்யலாமா?
— வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: பாடுபட்டு வளர்த்த காயை அடுத்தவன் பறித்துப் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. வேலி போட உங்களுக்கு முழு உரிமை உண்டு. முள்கம்பி இழுப்பதையும் எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஆனால் அந்தச் சாய்வு ஆங்கிளை வெளிப்பக்கம் திருப்பிய இடத்தில் உங்கள் வழக்கு பலவீனமாகிவிட்டது. வடக்கு எல்லையைப் பொறுத்தவரை அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவர் கடப்பாரை எடுத்ததில்தான் நியாயம் இல்லை.

நிலத்தின் உரிமை தரையோடு முடிவதில்லை. அதன்மேல் உள்ள வெளியையும், நியாயமாகப் பயன்படுத்தக்கூடிய உயரம் வரைக்கும், அனுபவிக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு. ஆறடி, ஏழடி உயரம் என்பது தென்னை நடும், கொட்டகை போடும், மாங்கிளை படரும் உயரம். 1957இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு நடந்தது. ஒரு புகையிலை நிறுவனத்தின் விளம்பரப் பலகை பக்கத்திலிருந்த ஒற்றைத் தளக் கடையின் மேலே சில அங்குலங்கள் நீட்டிக்கொண்டிருந்தது. கடைக்காரருக்கு அதனால் பெரிய நட்டம் எதுவும் இல்லை. ஆனாலும் அது அத்துமீறல்தான், அகற்ற வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. “யாருக்கு என்ன நட்டம்?” என்ற கேள்வி இப்படிப்பட்ட வழக்கில் உங்களுக்குக் கைகொடுக்காது.

உங்கள் வேலியில் எவ்வளவு நீட்டுகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பதினெட்டு அங்குல ஆங்கிளை 45 டிகிரி சாய்த்தால் அதன் நுனி கம்பத்திலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டே முக்கால் அங்குலம் வெளியே நிற்கும். கம்பமே எல்லைக் கோட்டில் இருப்பதால் அந்த ஓரடிக்கும் மேற்பட்ட நீட்டம் முழுவதும் அண்ணனின் நிலத்துக்கு மேல்தான். சந்தேகமிருந்தால் கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக் குண்டை ஆங்கிளின் நுனியிலிருந்து தொங்கவிட்டு, அது தரையைத் தொடும் இடத்துக்கும் அளவைக்கல்லுக்கும் இடையில் டேப் பிடித்துப் பாருங்கள். நாளை அவர் வழக்குப் போட்டு, உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 26, விதி 9இன்படி நீதிமன்றம் அனுப்பும் வழக்கறிஞர் ஆணையர் ஒருவர் நேரில் வந்தால், அவரும் இதைத்தான் அளந்து அறிக்கையில் எழுதுவார். அதன்பிறகு 1963ஆம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டம், 39ஆம் பிரிவின்கீழ் ஆங்கிளை அகற்றச் சொல்லிச் செயலுறுத்தும் கட்டளை வாங்குவது அவருக்குக் கடினமாக இருக்காது. கொஞ்சக் காலம் தாக்குப்பிடித்தால் காலவரம்பு கடந்துவிடும் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். நீட்டிக்கொண்டிருக்கும் வரை அது தொடரும் தவறு. காலவரம்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு அவர் பக்கம்தான் நிற்கும்.

கம்பம் எல்லைக் கோட்டில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது யார் அளந்த கோடு? பழைய கிளுவை வேலி இருந்த இடத்தை வைத்து நட்டிருந்தால் உறுதியாகச் சொல்ல முடியாது. உயிர்வேலி வருடத்துக்கு வருடம் தடித்துக்கொண்டே போகும். பட்டாவையும் புலப்படத்தையும் எடுத்துக்கொண்டு, நில அளவைக்கு இணையவழியிலோ இ-சேவை மையத்திலோ விண்ணப்பியுங்கள். நில அளவர் வரும் நாளில் அண்ணனையும் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். அவர் இல்லாமல் அளந்த அளவை அவர் ஏற்க மாட்டார். அடுத்த தகராறு அங்கேயே தொடங்கிவிடும்.

இதற்கு என் யோசனை ஒன்றுதான்: வடக்குப் பக்கத்து ஆங்கிள்கள் அனைத்தையும் உட்பக்கமாகத் திருப்புங்கள், அல்லது நேராக நிமிர்த்துங்கள். வெளிச்சாய்வுதான் ஏறுபவனை அதிகம் தடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் உட்சாய்விலும் ஆறடி வலையில் தொற்றி ஏறி, மூன்று வரி முள்ளைத் தாண்டி, அந்தப் பக்கம் தோப்புக்குள் குதித்தாக வேண்டும். காய் மூட்டையோடு அதே வழியில் திரும்ப வேண்டும். பாதுகாப்பில் கொஞ்சம் குறையும். வழக்கில் முழுவதும் மிஞ்சும். வெளிச்சாய்வுதான் வேண்டும் என்றால் கம்பங்களை ஓரடி இரண்டு அங்குலம் உள்ளே தள்ளி நட வேண்டியிருக்கும். கான்கிரீட் போட்டு நிறுத்திய கம்பங்களைப் பிடுங்குவதற்கு அந்தச் செலவு தகாது.

திருப்பும்போது பற்றவைக்காமல் போல்ட் போடுங்கள். வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும். மழை பட்டால் துரு முதலில் பிடிப்பது அங்கேதான். ஒரு போல்ட் போதும் என்று வேலையாள் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மூன்று வரிக் கம்பியை இழுத்துக் கட்டும் விசையில், ஒற்றை போல்டில் நிற்கும் ஆங்கிள் அதையே அச்சாக வைத்துச் சுழன்று சாய்ந்துவிடும். ஒரு கம்பத்துக்கு மேலும் கீழுமாக இரண்டு துளை, இரண்டு போல்ட். நட்டு உங்கள் தோப்புப் பக்கம் இருக்கட்டும், முறுக்கிய பிறகு மரையின் நுனியைச் சுத்தியால் நசுக்கிவிடுங்கள். மூலைக் கம்பங்களில் இரண்டு திசையிலிருந்தும் இழுவை வருவதால் முட்டுக்கால் கட்டாயம் வேண்டும். இதையெல்லாம் ஒரு வழக்கறிஞர் ஏன் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். இன்று நேராக நின்று, மூன்று வருடம் கழித்து வெளிப்பக்கம் தொய்ந்து விழும் ஆங்கிளும் அத்துமீறல்தான். அப்போது உங்கள் மகன் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கும்.

கிழக்குப் பக்கத்து விவகாரம் வேறு. பாகப்பிரிவினைப் பத்திரத்தை எடுத்து, பாதையைப் பற்றிய வரியை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். “பொதுப் பாதை” என்றிருந்தால் அந்த இடத்துக்கு இருவரும் கூட்டு உரிமையாளர்கள். “வண்டி வாகனம் ஓட்டிச் செல்லும் உரிமை” என்று மட்டும் இருந்தால் நிலம் உங்களுடையது, அவருக்கு வழியுரிமை. எதுவாக இருந்தாலும் பன்னிரண்டு அடி என்றால் பன்னிரண்டு அடி. தரையில் மட்டுமல்ல, ஏழடி உயரத்திலும். மாங்காய் ஏற்றிக்கொண்டு மாங்கூழ் தொழிற்சாலைக்குப் போகும் டிராக்டரின் மேல், மூட்டைகளோடு ஆட்களும் உட்கார்ந்து வருவதை நம் மாவட்டத்தில் எந்தச் சாலையிலும் பார்க்கலாம். அந்த ஆளின் முகம் இருக்கும் உயரத்துக்குப் பக்கத்தில் உங்கள் முள்கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது. இங்கே உட்சாய்வைத் தவிர வேறு எதற்கும் நான் சம்மதிக்க மாட்டேன். அத்தோடு புலப்படத்தையும், நிலத்தின் வகையைச் சொல்லும் கிராமக் கணக்கான ‘அ’ பதிவேட்டையும் பாருங்கள். அந்தப் பாதை வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று பதிவாகியிருந்தால் இது பங்காளிச் சண்டையாக இருக்காது. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்கீழ் வட்டாட்சியரே அறிவிப்பு அனுப்பலாம். பொதுமக்கள் போய்வரும் வழியில் இடையூறு என்றால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவின்படி அதை அகற்றக் கோட்டாட்சியர் நிபந்தனை உத்தரவு போடவும் முடியும்.

அடுத்தது காயம். கண்ணுக்குத் தெரியும்படி நிற்கும் முள்வேலியில், உரிமையில்லாமல் ஏறியவனின் கை கிழிந்தால் அந்தப் பழி உங்கள்மீது வராது. ஆனால் அறுந்து தொங்கும் ஒரு வரிக் கம்பியில், பாதையில் நடந்துபோகும் பள்ளிக்கூடப் பிள்ளையின் கன்னம் கிழிந்தால் கதை வேறு. பிறருடைய உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து விளைவிக்கும் கவனக்குறைவான செயலைப் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 125ஆம் பிரிவு தண்டிக்கிறது. காயம் என்றால் ஆறு மாதம் வரை, கொடுங்காயம் என்றால் மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்பதும் தனியாக வரும். ஆகவே மாதம் ஒருமுறை வேலியைச் சுற்றி நடந்து, தொய்ந்த கம்பியை இழுத்துக் கட்டுங்கள். பாதையோரம் “முள்கம்பி – எச்சரிக்கை” என்று தமிழில் இரண்டு பலகை மாட்டுங்கள். வலைக்கம்பியின் மேல்விளிம்புக்குக் கீழே முள்கம்பி எங்கும் வேண்டாம்; ஆடு மாடு உரசும் உயரம் அது.

அண்ணன் ஆங்கிளை வளைத்தது சரியா என்றால், சரியில்லை. கிழக்குப் பக்கம் அவர் கை வைத்திருந்தால் தவறு தெளிவானது. வழியுரிமை உள்ளவர் அதற்கான இடையூறைத் தாமே நீக்கக் கூடாது என்று 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், 36ஆம் பிரிவு நேரடியாகவே சொல்கிறது. வடக்குப் பக்கம் என்றால் அவருக்குக் கொஞ்சம் வாதம் இருக்கிறது. தன் நிலத்தில் நின்று, தன் பக்கம் நீண்டதை அகற்றினேன் என்பார். பாரதிய நியாய சன்ஹிதாவின் 324ஆம் பிரிவில் சொல்லப்படும் சொத்துச் சேதக் குற்றத்துக்கு, தவறான இழப்பை ஏற்படுத்தும் எண்ணமோ அறிவோ நிரூபிக்கப்பட வேண்டும். உரிமை இருப்பதாக உண்மையாகவே நம்பிச் செய்தேன் என்ற எதிர்வாதம் அங்கே எடுபடக்கூடும். இரண்டு ஆங்கிள் அளவுக்கான சேதம் காவல்துறை தானாக வழக்குப் பதிந்து கைது செய்யக்கூடிய குற்றமும் அல்ல. அதனால்தான் மனு ரசீதோடு நின்றது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 174ஆம் பிரிவின்படி குற்றவியல் நடுவரிடம் போகும் வழி இருக்கிறது. ஆனால் உங்கள் ஆங்கிள் அவர் நிலத்தில் நீட்டியிருக்கும் வரை அந்த வழியில் உங்களை அனுப்ப எனக்கு மனமில்லை. முதலில் உங்கள் பக்கத்தைச் சரி செய்யுங்கள். அதன்பிறகும் அவர் கை வைத்தால், மறுநாளே நிரந்தரத் தடைக்கட்டளை கேட்டு வழக்குத் தாக்கல் செய்யலாம். அப்போது வழக்கு வலுவாக இருக்கும்.

மைத்துனரின் யோசனைக்கு வருகிறேன். வேண்டவே வேண்டாம். முள்கம்பியில் மின்சாரம் பாய்ச்சக் கூடாது என்பது மின்வேலிக் கருவிகளுக்கான பாதுகாப்புத் தரநிலையிலேயே உள்ள விதி. மின்னதிர்ச்சி பட்டவுடன் விலகுவதற்குத்தான் மின்வேலி. முள்ளில் சட்டையோ தோலோ சிக்கியவன் விலக முடியாமல் மீண்டும் மீண்டும் அதிர்ச்சி வாங்குவான். காப்புக்காட்டை ஒட்டிய பகுதிகளில் மின்வேலிகளை ஒழுங்குபடுத்தவும் பதிவு செய்யவும் தமிழக அரசு 2023இல் தனி விதிகளையே கொண்டுவந்திருக்கிறது. அந்த ஆண்டு மார்ச் மாதம் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்ததும், தாயை இழந்த இரண்டு குட்டிகள் அங்கேயே சுற்றிச்சுற்றி வந்ததும் நம் இரு மாவட்டத்துக்காரர்களுக்கும் மறந்திருக்காது. வேலி போட்ட விவசாயி கைதானார். யானைக்குப் பதில் மனிதர் சிக்கினால் உயிரிழப்புக்கான வழக்கு வரும். வீட்டு மின் இணைப்பிலிருந்தோ மோட்டார் இணைப்பிலிருந்தோ கம்பி இழுத்திருந்தால் மின்சாரச் சட்டத்தின்கீழ் இன்னொரு வழக்கும் சேரும். தோப்புக்குள் ஒரு விளக்கு, ஒரு கேமரா, காய்ப்பு மாதங்களில் ஒரு காவலாள் – பணத்தை அதில் போடுங்கள்.

கடைசியாக, அண்ணனின் கோபத்துக்கு வேறொரு காரணமும் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்று மேலே நீட்டிய கம்பி, பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து “இதுதான் எங்கள் எல்லை” என்ற பேச்சாக மாறும் என்று கிராமத்தில் எல்லோருக்கும் பயம் உண்டு. அந்தப் பயத்துக்குக் காரணமான வழக்குகளும் நிறைய உண்டு. அதை நீங்களே போக்கலாம். ஆங்கிள்களைத் திருப்பிய பிறகு, இரு தரப்பும் கையெழுத்திட்டு ஓர் எல்லை ஒப்புதல் எழுதுங்கள்: அளவைக்கற்களே எல்லை, வேலி எங்கு இருந்தாலும் அதை வைத்து எவரும் உரிமை கோர மாட்டோம், பழுதுபார்க்க வரும்போது முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவோம். புலப்படத்தின் நகலையும் அதோடு இணைத்துவிடுங்கள். அவர் பேச மறுத்தால் தாலுகா சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுங்கள். வழக்குத் தொடரும் முன்பே மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்க்கலாம். கட்டணம் இல்லை, அங்கே ஏற்படும் தீர்வுக்கு நீதிமன்றத் தீர்ப்பாணையின் வலு உண்டு. அதற்கிடையில், உங்களைக் கேட்காமல் அவர் இடைக்காலத் தடை வாங்கிவிடாதிருக்க, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 148ஏ பிரிவின்கீழ் உரிமையியல் நீதிமன்றத்தில் ஒரு கேவியட் மனு போட்டுவையுங்கள். 90 நாள்தான் செல்லும். தேதியைக் குறித்துவைத்துக்கொண்டு, பேச்சு முடியாவிட்டால் புதிதாகத் தாக்கல் செய்யுங்கள்.