அப்பாவ சோபாவுல இருத்துனது யாரு தம்பி?

கேள்வி: அண்ணாச்சி, நான் மஸ்கட்ல வேலை பாக்குதேன், ஊரு கருங்கல் பக்கம். அப்பாவுக்கு 72 வயசு. ரெண்டு வருசம் முன்ன விளையில (தோட்டத்துல) வழுக்கி விழுந்தாரு, பெருசா ஒண்ணும் ஆகல, ஆனா அதுல இருந்து வெளிய விடுததில்ல. பசுவ வித்தாச்சு, வாழை விளைய பாட்டத்துக்கு விட்டாச்சு. இப்பம் கேமராவுல எப்பம் பாத்தாலும் சோபாவுலதான் இருக்காரு, கேட்டா 'இனி என்னத்த மக்களே'ன்னு ஒரே வார்த்தை. டிரெட்மில் வாங்கிக் குடுத்தேன், அதுல துணி காயுது. மனசு பாசிட்டிவா இருந்தா ஏழு வருசம் கூட வாழலாம்னு ஒரு வீடியோவுல பாத்தேன், நெசமா? அவரு மனச மாத்த என்ன செய்யணும்? (பெயர் வேண்டாம்)

பதில்: தம்பி, உங்க கேள்விய ரெண்டு தடவ வாசிச்சேன். பசுவ வித்தது யாரு, விளைய பாட்டத்துக்கு விட்டது யாரு, வெளிய விடாதது யாரு? மூணும் நீங்க. வெடிய முன்ன எந்திரிச்சு பால் கறந்து, அத கொண்டு குடுத்துட்டு வர்ற வழியில ஜங்ஷன்ல ஒரு சாயாவ குடிச்சிட்டு நாலு பேருகிட்ட ஊர்ப்பாடு பேசி, பொறவு மம்பட்டிய எடுத்துட்டு விளைக்குப் போயி வாழைக்கு மண்ணு அணைச்சு, இப்படியே அம்பது வருசம் ஓடுன மனுசன ஒரே மாசத்துல சோபாவுல கொண்டு இருத்திட்டு, மனசு ஏன் இப்படி ஆயிட்டுன்னு கேக்குதீங்க. 'இனி என்னத்த'ன்னு அவரு சொல்லுததுல தப்பே இல்ல. அவரு செய்யதுக்குன்னு அந்த வீட்டுல என்ன மிச்சம் வச்சிருக்கீங்க?

பாசத்துலதான் செஞ்சீங்க, அது எனக்கு தெரியும், ஏன்னா இதே தப்ப நானும் செஞ்சிருக்கேன். எங்க அம்மைக்கு 74 வயசுல முட்டு வலி வந்து ஒரு ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனோம், ரெஸ்ட் எடுக்கட்டும்னு சொன்னாங்க, எத்தன நாளுன்னு அவங்களும் சொல்லல நாங்களும் கேக்கல. வாசல் தெளிக்க விடல, தேங்கா துருவ விடல, முத்தத்துல எறங்குனாலே ரெண்டு பேரு ஓடிப்போயி பிடிச்சோம். மூணு மாசம் ஆகல, கட்டில்ல இருந்து எந்திரிக்க ஆள் வேணும்னு ஆயிட்டு. முட்டு கெடுத்தத விட நாங்க கெடுத்ததுதான் கூடுதல், இத இன்னைக்கும் நெனச்சா எனக்கு தாங்கல. பொறவு பிசியோதெரபி பாக்குத ஒரு பிள்ளை வந்து நாற்காலியில இருந்து கை ஊணாம எந்திரிச்சு இருக்க வச்சுது, முதல் நாளு ரெண்டு தடவ, அவ்வளவுதான் முடிஞ்சுது, பைய பைய கூட்டி கூட்டி ஆறு மாசம் ஆச்சு தன்னால கோயிலுக்கு நடந்து போக.

சும்மா இருக்குதது உடம்ப என்ன செய்யும்னு 2007-ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு பண்ணி பாத்திருக்காங்க. நோய் நொடி இல்லாத, 60 தாண்டுன ஆளுங்கள பத்தே பத்து நாள் கட்டில்ல படுக்க வச்சாங்க. காலுல மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ சதை போயிட்டு. பத்து நாளு! உங்க அப்பா ரெண்டு வருசமா சோபாவுல இருக்காரு.

சரி, வீடியோவுல சொன்னது நெசமான்னு கேட்டீங்க. நெசம்தான், ஆனா பாதிய விட்டுட்டு சொல்லியிருக்காங்க. பெக்கா லெவின்னு யேல் பல்கலைக்கழகத்துல ஒரு பேராசிரியை, 2002-ல வெளியிட்ட ஆய்வு அது. ஒஹாயோவுல ஒரு சின்ன ஊர்ல 50 வயசு தாண்டுன 660 பேருகிட்ட தங்களோட முதுமைய பத்தி என்ன நெனைக்கீங்கன்னு முன்னாடியே கேட்டு வச்சிருந்த பதில எடுத்து, யாரு எத்தன வருசம் இருந்தாங்கன்னு பாத்தா, வயசாகுதத நல்லபடியா பாத்தவங்க மத்தவங்கள விட ஏழரை வருசம் கூடுதலா இருந்திருக்காங்க. உடம்பு நெல, வருமானம், தனிமை இதெல்லாம் கணக்குல எடுத்த பொறவும் வித்தியாசம் நின்னுச்சு. இதுல மந்திரம் ஒண்ணும் இல்ல தம்பி, எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனைக்குத ஆளு பிரஷர் மாத்திரைய ஒழுங்கா போட மாட்டாரு, நடக்க மாட்டாரு, வாய்க்கு ருசியா ரெண்டு சாளை மீனு வச்சு தின்னணும்னு கூட தோணாது, கஞ்சியும் ஊறுகாயுமா ஒப்பேத்துவாரு. அந்த நெனப்ப காலையில ஒரு குட்மார்னிங் மெசேஜ் அனுப்பி மாத்த முடியாது. நாளைக்கு தன்ன நம்பி ஒரு வேலை கெடக்குன்னு இருந்தா அதுவா மாறும்.

72 வயசுல இனி என்ன தேறும்னு உங்களுக்கும் உள்ளுக்குள்ள ஒரு நெனப்பு இருக்கும். 1990-ல பாஸ்டன்ல மரியா ஃபியாட்டரோன்னு ஒரு டாக்டர், முதியோர் இல்லத்துல இருந்த 90 வயசு ஒட்டுன பத்து பேருக்கு காலுக்கு வெயிட் தூக்குத பயிற்சி குடுத்தாங்க, எட்டு வாரம்தான், முழுசா முடிச்ச ஒம்பது பேருக்கு கால் பலம் சராசரியா 174 சதவீதம் கூடிச்சு, ரெண்டு பேரு ஊணுகம்ப கீழ வச்சாங்க. தொண்ணூறுல முடிஞ்சது எழுபத்திரெண்டுல முடியாதா?

திரும்ப விழுந்துட்டா என்ன செய்யன்னு பயம், அது நியாயமான பயம். ஆனா நடக்காதவங்க காலுதான் பலம் போயி பேலன்ஸ் போயி சீக்கிரம் விழும். உலக சுகாதார நிறுவனம் 2020-ல சொன்னதும் இதுதான், 65 தாண்டுனவங்க வாரத்துக்கு 150 நிமிசமாவது மூச்சு கொஞ்சம் கூடுத மாதிரி நடக்கணும், ரெண்டு நாளாவது தசைக்கு வேலை குடுக்கணும், மூணு நாளாவது பேலன்ஸுக்கு பயிற்சி வேணும். விளைக்கு போயிட்டு வந்த காலத்துல இதுல முக்காவாசி அவரு பேரு தெரியாமலே செஞ்சுட்டு இருந்தாரு. நீங்க பயப்பட வேண்டிய எடம் உங்க வீட்டு பாத்ரூம். பளபளன்னு டைல்ஸ் போட்டிருப்பீங்க, பிடிச்சு எந்திரிக்க சொவத்துல ஒரு கம்பி இருக்கா? ராத்திரி எந்திரிச்சா லைட் இருக்கா? டிரெட்மில் காசுல பத்துல ஒரு பங்கு போதும் இதுக்கு.

ஒரு விசயம் சொல்லியே ஆகணும், இல்லன்னா நான் எழுதுனது அநியாயமா போயிரும். குளச்சல்லயும் முட்டத்துலயும் 65 வயசுல மீன் கூடைய தலையில சுமக்குத அம்மாமாரு இருக்காங்க, காலம் பூரா அண்டி ஆபீஸ்ல (முந்திரிப் பருப்பு உடைக்குத ஆலையில) குத்தவச்சு இருந்தே முதுகு போனவங்க இருக்காங்க, குலசேகரம் பக்கம் இருட்டோட எந்திரிச்சு ரப்பர் வெட்ட போற பாட்டாமாரு இருக்காங்க. சுறுசுறுப்பா இருங்கன்னு அவங்ககிட்ட போயி சொல்லாதீங்க. அவங்களுக்கு வேண்டியது ஓய்வு, சத்தான சாப்பாடு, கை நெறைய பென்ஷன். மனசு நல்லா இருந்தா எல்லாம் சரியாயிரும்னு சொல்லுதவங்க இந்த ஆளுங்கள கண்ணெடுத்து பாத்ததில்லன்னுதான் நான் நெனைக்கேன்.

உங்க அப்பா விசயத்துல முதல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டு போகச் சொல்லுங்க. சுகரு பிரஷரோட விட்டுராம கண்ணையும் காதையும் பாக்கணும், புரை விழுந்து வழி தெரியாம வெளிய போக கூச்சப்பட்டு வீட்டோட இருக்குத எத்தன பேர நான் பாத்திருக்கேன், காது கேக்காதவங்க சாயாக்கடைக்கு போகுதத அவங்களே நிப்பாட்டிருவாங்க. ரெண்டு வருசமா பேச்சு கொறஞ்சிருக்குன்னா, தூக்கமும் பசியும் எப்படின்னு கேளுங்க. மனச்சோர்வு ஒரு நோய், அதுக்கு வைத்தியம் இருக்கு, வயசானா அப்படித்தான்னு தள்ளிராதீங்க.

பொறவு பாட்டத்துக்கு எடுத்தவர்கிட்ட பேசி, வீட்டுக்கு ஒட்டுன பக்கம் ஒரு பத்து சென்ட மட்டுமாவது திரும்ப வாங்குங்க. கூலிக்கு ஒரு ஆளு வச்சு கனமான வேலைய அந்த ஆளு பாக்கட்டும், எங்க குழி எடுக்கணும், எப்பம் உரம் வைக்கணும்னு சொல்லுதது அப்பாவா இருக்கட்டும். காலையில ஜங்ஷனுக்கு தனியா போகட்டும், பின்னால ஆள் அனுப்பாதீங்க, போன் மட்டும் பையில இருந்தா போதும். கேமராவ கேட்டுக்கு நேரா திருப்பி வையுங்க, சோபாவ பாக்க அது வேண்டாம்.

இன்னைக்கு ராத்திரி கூப்பிடும்போது சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களான்னு ஆரம்பிக்காதீங்க. அடுத்த லீவுக்கு வரும்போது மட்டி வாழை வைக்கணும்னு நெனைக்கேன், நல்ல கன்னு யாருகிட்ட கெடைக்கும் அப்பான்னு கேளுங்க. கேட்டுட்டு அவரு பேசி முடிக்குத வரைக்கும் போன வைக்காதீங்க.