மாவிலையில் பிசுபிசுப்பு: விமானம் கொட்டிய எண்ணெயா?

கேள்வி: காவேரிப்பட்டினம் பக்கம் மூன்று ஏக்கரில் பெங்களூரா மாந்தோப்பு வைத்திருக்கிறேன். தை பிறந்ததிலிருந்து இலையெல்லாம் எண்ணெய் தடவினாற்போல் பிசுபிசுக்கிறது. தோப்புக்கு மேலே விமானங்கள் வெள்ளைக் கோடு போட்டபடி போகின்றன. இறங்குவதற்கு முன் எரிபொருளைக் கொட்டிவிடுவார்கள் என்கிறான் மகன். பூவுக்கும் கிணற்றுக்கும் ஆபத்து உண்டா ஐயா?

பதில்: மகன் சொன்னது கட்டுக்கதை இல்லை. வானத்தில் எரிபொருளைக் கொட்டுவது உண்டுதான். உங்கள் தோப்பில் நடப்பது மட்டும் அது இல்லை.

தொப்பூர் கணவாயில் பாரம் ஏற்றிய லாரி இறங்கும்போது பிரேக் சூடேறிப் புகைவதைப் பார்த்திருப்பீர்கள். விமானத்துக்கும் அதே தலைவலிதான். போயிங் 777-300ஈஆர் என்ற பெரிய விமானம் சுமார் 351 டன் எடையோடு கிளம்பலாம். இறங்கும்போது 251 டன்னுக்கு மேல் இருக்கக் கூடாது. இடையிலுள்ள 100 டன்னைப் பயணத்திலேயே எஞ்சின் குடித்துவிடும். கிளம்பிய அரை மணியில் எஞ்சின் மக்கர் செய்தாலோ, பயணிக்கு நெஞ்சு வலித்தாலோதான் சிக்கல். அப்போது இறக்கையின் ஓரத்தில் உள்ள குழாய் வழியே நிமிடத்துக்கு ஒன்றிரண்டு டன் வீதம் வெளியே தள்ளுவார்கள். 80 டன் என்றால் ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர். அந்தக் காசை வேண்டுமென்று கொட்ட எந்த கம்பெனிக்கும் மனசு வராது.

இந்த வசதி 777, 747, ஏ380 போன்ற பெரிய விமானங்களுக்குத்தான். பெங்களூரு, சென்னை என்று ஓடும் ஏ320, 737, ஏடிஆர் போன்ற சிறிய விமானங்கள் எதிலும் கிடையாது. 2024 அக்டோபர் 11 அன்று திருச்சியிலிருந்து ஷார்ஜா கிளம்பிய விமானம் ஹைட்ராலிக் கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வட்டமடித்ததே, டிவியில் பார்த்திருப்பீர்கள். அது 737. கொட்ட வழியில்லை, சுற்றிச் சுற்றி எரித்துத் தீர்த்துவிட்டுத்தான் இறங்கியது.

கொட்டும் உயரத்துக்கும் கணக்கு உண்டு. சர்வதேச விதிப்படி 6,000 அடிக்குக் கீழே கொட்டக் கூடாது. மற்ற விமானங்களை 19 கிலோமீட்டர் தள்ளி வைக்க வேண்டும். அந்த உயரத்தில் எரிபொருள் பொடித் துளியாகச் சிதறி, பெரும்பகுதி தரைக்கு வருமுன்பே ஆவியாகிவிடும். விதி மீறிப் போன கதையும் இருக்கிறது: 2020 ஜனவரி 14 அன்று லாஸ் ஏஞ்சலஸில் ஒரு 777 தாழப் பறந்தபடியே கொட்டியதில் பள்ளிக்கூட மைதானத்தில் நின்ற பிள்ளைகள் மேலேயே விழுந்து, தோல் எரிச்சலுக்கு வைத்தியம் பார்க்க வேண்டியதாயிற்று. செய்தி உலகம் முழுக்கப் பரவியதே அது அவ்வளவு அபூர்வம் என்பதால்தான். தீப்பிடித்த மாதிரி அவசரம் என்றால் கொட்டவும் நேரமிருக்காது, கனத்தோடேயே இறக்கிவிடுவார்கள்.

நீங்கள் பார்க்கும் வெள்ளைக் கோடு 30,000 அடிக்கு மேலே எஞ்சின் புகையிலுள்ள நீராவி உறைவது. நம் வீட்டுக் கெட்டிலிலிருந்து வரும் ஆவிக்கு அண்ணன் தம்பி.

சரி, இலைக்கு வருவோம். விரலால் தேய்த்து முகர்ந்து பாருங்கள். விமான எரிபொருள் மண்ணெண்ணெய் வகை. கொஞ்சம் இருந்தாலும் வாடை மூக்கைத் துளைக்கும், பிசுக்கும் நிற்காது. வாடையே இல்லாமல் சர்க்கரைப் பாகு மாதிரி ஒட்டினால், எறும்பு ஏறினால், பழைய இலையில் கரி பூசியது போல் கறுப்பு படிந்தால், அது தத்துப்பூச்சியின் வேலை. பூங்கொத்தை லேசாகத் தட்டுங்கள். நெல் உமி அளவுப் பூச்சிகள் பொட்டுப் பொட்டென்று தெறிக்கும். பூவின் சாற்றை உறிஞ்சிவிட்டு அது கழிக்கும் இனிப்பு நீர்தான் உங்கள் எண்ணெய். அதன்மேல் வளர்வதுதான் கறுப்புப் பூஞ்சை.

வானத்தைப் பார்த்துக் கவலைப்படும் நேரத்தில் இது பூவையே உதிர்த்துவிடும். கடைக்காரர் கொடுக்கும் மருந்தை அடிக்குமுன், ஒரு கொத்தை பாலித்தீன் பையில் கட்டிப் பக்கத்திலுள்ள பையூர் ஆராய்ச்சி நிலையத்துக்கோ தோட்டக்கலைத் துறை அலுவலகத்துக்கோ கொண்டுபோய்க் காட்டுங்கள். கிணற்றுத் தண்ணீரில் மண்ணெண்ணெய் வாடை வந்தால், முதலில் உங்கள் டீசல் மோட்டாரின் அடியில் குனிந்து பாருங்கள்.