நா ட்ராங் ஊரை நடந்தே பார்க்கலாமா? பார்க்கலாம், ஆனால் அந்த ஊர் எழுந்திருக்கும் நேரத்துக்கு நாமும் எழுந்திருக்க வேண்டும்

கேள்வி: வியட்நாமில் நா ட்ராங் போகிறோம். கடற்கரை ஊர் என்கிறார்கள். நடந்தே சுற்றிப் பார்க்க முடியுமா, இல்லை நாள் வாடகைக்குக் கார் எடுத்துக்கொள்வது நல்லதா?

முடியும். தாராளமாக முடியும். எனக்கு முன்னால் பதில் எழுதிய ஒருவர், “அது பீச் ஊர், நடந்து பார்க்க அங்கே ஒரு மண்ணும் கிடையாது, கேபிள் காரில் தீவுக்குப் போய் தீம் பார்க் பார்த்துவிட்டு டா லாட் கிளம்புங்கள்” என்று எழுதியிருக்கிறார். நான் பாட்டுக்குப் படித்துவிட்டுப் போயிருப்பேன். அந்த ‘ஒரு மண்ணும் கிடையாது’தான் என்னை எழுத உட்கார வைத்துவிட்டது.

கார் பற்றிக் கேட்கிறீர்கள் என்றால், உங்களோடு வயதான யாரோ வருகிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அம்மாவோ மாமியாரோ. மூட்டுவலி இருக்கும், ஆனால் கோயில் என்றால் எழுந்து நடப்பார். எனக்கும் அறுபதை நெருங்கும் வயதுதான். அதனால் இளவட்டங்கள் சொல்லும் ‘பத்து கிலோமீட்டர் சும்மா போய்விடலாம்’ கதையெல்லாம் என்னிடம் கிடைக்காது.

நாங்கள் நாலு பேர் போயிருந்தோம். நான், என் வீட்டுக்காரர், என் நாத்தனார், அவள் கணவர். சைகோன், டா லாட், நா ட்ராங் என்று ஒரு பேக்கேஜ். நா ட்ராங்கில் ஒரு முழு நாளைத் தீவுக்கு ஒதுக்கியிருந்தார்கள். நான் வரவில்லை, ஊரைப் பார்க்கப் போகிறேன் என்றேன். “அண்ணி, நடக்கிறதுக்கா இவ்வளவு செலவு பண்ணி வந்தோம்? அதை நம்ம திருச்சியிலேயே நடக்கலாமே” என்றாள். வேன் முழுக்கச் சிரிப்பு. என் வீட்டுக்காரரும் சேர்ந்துதான் சிரித்தார். மறுநாள் விடியும் முன்னே ஷூவை மாட்டிக்கொண்டு என் பின்னால் வந்து நின்றார், அது வேறு விஷயம்.

தீவுக்குப் போவது தப்பு என்று நான் சொல்லவில்லை. கடலுக்கு மேலே 3.3 கிலோமீட்டர் கேபிள் கார், குழந்தைகள் குதிப்பார்கள், போய்விட்டு வாருங்கள். ஆனால் அதை மட்டும் பார்த்துவிட்டு வந்து நா ட்ராங் பார்த்தேன் என்று பதில் எழுதாதீர்கள்.

முதலில் நேரத்தைச் சொல்லிவிடுகிறேன். பாதிப் பேர் இதில்தான் நொந்துபோகிறார்கள். ஓட்டல் காலைச் சாப்பாட்டை ஒன்பது மணி வரை சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்குத் தொப்பியோடு கிளம்பினால் பதினோரு மணிக்கு நாக்கு வெளியே தள்ளிவிடும். பிறகு ‘நடக்க முடியாத ஊர்’ என்பார்கள். ஐந்து மணிக்குக் கிளம்புங்கள். கிழக்குக் கடற்கரை, சீக்கிரமே வெளிச்சம் வந்துவிடும். அந்த நேரத்தில் கடற்கரை முழுக்க உள்ளூர்க்காரர்கள்தான். பாட்டிமார் கழுத்தளவு தண்ணீரில் வட்டமாக நின்று, தொப்பியைக்கூடக் கழற்றாமல் பேசிக்கொண்டிருப்பார்கள். கரையில் ஒரு ஸ்பீக்கரை வைத்துப் பெண்கள் வரிசையாகக் கை கால் வீசுவார்கள். வெயில் ஏறியதும் எல்லோரும் மாயம். அதற்குப் பிறகு வருபவர்கள் நம்மைப் போன்ற சுற்றுலாக் கும்பல். நடுப்பகலில் ஊரே கொஞ்சம் கண் அசரும், நீங்களும் அறைக்குப் போய்ப் படுங்கள். நாலு மணிக்கு மேல் இரண்டாவது நடை.

அடுத்து ரோடு கடப்பது. வண்டிகள் வலப்பக்கம் போகும் நாடு. நாம் பழக்கதோஷத்தில் வலது பக்கம் பார்த்துவிட்டு இறங்குவோம், வண்டி இடது பக்கத்திலிருந்து வரும். வரிக்கோடு இருந்தாலும் யாரும் நமக்காக நிற்பார்கள் என்று நம்ப வேண்டாம். நான் ட்ரான் ஃபூ சாலையில் வெகுநேரம் நின்றேன். தோளில் மூங்கில் தடி, இரண்டு முனையிலும் பழக்கூடை, அப்படி ஒரு வயதான அம்மா வந்தார். ஒரு விநாடிகூட யோசிக்காமல் இறங்கினார். நான் அவர் நிழலை ஒட்டி இறங்கினேன். வேகத்தைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை, பின்னால் ஓரடி வைக்கவில்லை. மோட்டார் சைக்கிள்கள் முன்னாலும் பின்னாலும் பிரிந்து போய்க்கொண்டே இருந்தன. அக்கரை சேர்ந்ததும் என் முகத்தைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார் பாருங்கள். சூட்சுமம் அவ்வளவுதான்: ஒரே சீராக நடந்தால் அவர்களே கணக்குப் போட்டு விலகிப் போவார்கள், ஓடினாலும் தயங்கினாலும்தான் ஆபத்து. பஸ், கார் வந்தால் மட்டும் நின்று விடுங்கள், அவை வளைந்து போகாது.

நடைபாதை எப்படி என்றால், கடல் பக்கம் அகலமாக, நிழலோடு நன்றாக இருக்கும். உள் தெருக்களில் மோட்டார் சைக்கிளும் பிளாஸ்டிக் முக்காலியும் நடைபாதையைப் பிடித்துக்கொண்டிருக்கும், நாம் இறங்கித்தான் நடக்க வேண்டும். ஆனாலும் ஒரு மனிதர் முக்காலியை இழுத்து வழிவிடுவார். எங்கள் அடுக்ககத்தில் அதுகூட இல்லை. வீடு விற்கும்போது படத்தில் பச்சையாக ஒரு நடைபாதை காட்டினார்கள். குடி வந்த கொஞ்ச நாளில் சங்கத்தில் தீர்மானம் போட்டு, அதில் விருந்தினர் கார் நிறுத்தலாம் என்று மஞ்சள் கோடு அடித்துவிட்டார்கள். நான் கூட்டத்தில் எழுந்து கேட்டால், “மேடம், மொட்டை மாடியில் நடங்களேன்” என்று பதில். மாதாமாதம் பராமரிப்புப் பணம் மட்டும் எல்லோரிடமும் சரியாக வாங்கிவிடுவார்கள். சரி, இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, விடுங்கள்.

எங்கே நடப்பது என்பதற்கு வருகிறேன். கடற்கரையில் ட்ராம் ஹுவாங் கோபுரம் என்று ஒன்று இளஞ்சிவப்பாக நிற்கும். அகில் கட்டையின் பெயரை வைத்திருக்கிறார்கள், அந்த மாகாணம் அகிலுக்குப் பேர் போனது. அங்கிருந்து கடலை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டு வடக்கே நடந்தால் பாஸ்டர் நிறுவனம். பிளேக் கிருமியை 1894இல் ஹாங்காங்கில் கண்டுபிடித்த பிரெஞ்சு மருத்துவர் அலெக்சாந்த்ர் எர்சின் 1895இல் தொடங்கிய ஆய்வுக்கூடத்திலிருந்து வளர்ந்தது அது. அந்த மனிதர் 1897இல் பிளேக் மருந்தோடு நம் பம்பாய்க்கும் வந்தவர். பிறகு நா ட்ராங்கிலேயே இருந்து 1943இல் அங்கேயே இறந்தார். உள்ளே அவருடைய கருவிகளை வைத்து ஒரு சின்ன அருங்காட்சியகம். புயல் வரும் என்று தெரிந்தால் மீனவர்களுக்குச் சொல்லி அனுப்புவாராம். பிரெஞ்சுக்காரர்களைத் துரத்திய நாட்டில் இன்னும் அவர் பெயரில் தெரு இருக்கிறது. மதியம் மூடிவிடுவார்கள், காலையிலேயே பாருங்கள்.

அடுத்தது டாம் சந்தை. அங்கே நான் அதிகம் நிற்கவில்லை, காய்ந்த கணவாய் வாசம் எனக்கு ஒத்துவராது. பக்கத்துத் தெருவில்தான் பான் கன் சுடும் பெண்ணைப் பார்த்தேன். கரி அடுப்பு, மேலே மண்ணில் செய்த குழிச்சட்டி, ஒவ்வொரு குழிக்கும் குட்டி மண் மூடி. அரிசி மாவை ஊற்றி மூடுகிறார், வரிசையாகத் திறந்து பார்க்கிறார், வெந்ததைக் கம்பியால் நெம்பி எடுத்து இரண்டிரண்டாக ஒட்டி அடுக்குகிறார். அச்சு அசல் நம் குழிப்பணியாரம்தான், எண்ணெய் மட்டும் கம்மி. மேலே முட்டையோ இறாலோ கணவாயோ வைப்பார்கள். நான் சைவம். வெங்காயத்தாளை எண்ணெயில் வதக்கி மேலே விட்டுக் கொடுத்தார், கூட வைத்த மீன் சாறைத் தொடாமல் அதோடு சாப்பிட்டேன். சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம். ‘சய்’ என்று பலகை வைத்த கடைகள் நிறைய உண்டு. பௌர்ணமி, அமாவாசை ஒட்டி அவர்களில் பலரும் சைவம்தான் சாப்பிடுகிறார்கள்.

அங்கிருந்து சோம் போங் பாலத்தைத் தாண்ட வேண்டும். கீழே காய் ஆறு கடலில் சேரும் இடம், நீல மீன்பிடிப் படகுகள் நெருக்கியடித்து நிற்கும். எதிரே குன்றின் மேல் செங்கல் கோபுரங்கள். அதுதான் போ நகர் என்ற அம்மன் கோயில். காரில் போனால் பாலம் அரை நிமிடத்தில் முடிந்துவிடும், கோபுரம் கண்ணில் படும் முன்னே டிக்கெட் கவுன்டர் வந்துவிடும். நடந்து வந்தால் அது கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்துகொண்டே வரும். கடற்கரைக் கோபுரத்திலிருந்து இதுவரை மூன்று, மூன்றரை கிலோமீட்டர்தான் இருக்கும், நடுவில் நின்று நின்று வந்தால் அலுப்பே தெரியாது.

அங்கே கட்டாயம் நேரம் கொடுங்கள். அடிவாரத்தில் எண்பட்டைச் செங்கல் தூண்கள், கூரை போய்விட்டது, தூண்கள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. படி ஏறினால் நாலு கோபுரம், பெரியது 23 மீட்டர் அளவு. வாசலுக்கு மேலே கல்லில் மகிஷாசுரமர்த்தினி, இரண்டு பக்கமும் வாத்தியக்காரர்கள். வாசல் நிலைக்கல்லில் மேலிருந்து கீழ்வரை சாம் எழுத்து; முன்பு சம்பா என்ற பெயரில் அந்தப் பகுதியை ஆண்டவர்கள்தான் சாம் மக்கள். தோள் தெரிகிற உடுப்பு என்றால் அங்கி கொடுப்பார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் இருட்டில் பத்துக் கை அம்மன், பட்டு உடுத்தி, ஊதுபத்தி மணத்தோடு. அகில் கட்டைக்குள் புகுந்து கடலில் மிதந்து போய், சீன இளவரசனைக் கட்டிக்கொண்டு, பிறகு திரும்பி வந்தவள் என்று கதை. சாம் மக்களுக்கு நாட்டுத் தாய், வியட்நாமியருக்கு தியென் யி ஆ நா. இரண்டு பேரும் அவரவர் முறையில் கும்பிடுகிறார்கள். சந்திரக் கணக்கில் மூன்றாம் மாதம் 20 முதல் 23 வரை திருவிழா.

நான் அங்கே நின்று படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டதும் ஒருவர், “சோழன் கட்டிய கோயில், தமிழன்டா” என்று பதில் போட்டார். அதற்கு நாற்பது பேர் கைகூப்பினார்கள். இதைச் சொன்னால் என்னைத் தமிழ் விரோதி என்பீர்கள், பரவாயில்லை. 774இல் கடல்வழியே வந்தவர்கள் அங்கிருந்த மரக்கோயிலைக் கொளுத்தினார்கள். 784இல் சாம் அரசன் சத்தியவர்மன் அதைத் திரும்பக் கட்டினான். அப்போது தஞ்சையைப் பிடித்த விஜயாலயனே பிறந்திருக்க மாட்டான், அவன் ஒன்பதாம் நூற்றாண்டுக்காரன். இப்போது நிற்கும் கோபுரங்களும் சம்பா அரசர்கள் கட்டியவையே. நா ட்ராங் பக்கத்தில் வோ கான் என்ற இடத்தில் கிடைத்த பழைய சமஸ்கிருதக் கல்வெட்டில் ஸ்ரீமாரன் குலம் என்று வருவதை வைத்துச் சிலர் பாண்டியரோடு இணைத்துப் பார்க்கிறார்கள், அதுவும் எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம் அல்ல. சாம் மக்கள் கட்டியதை சாம் மக்களுக்கே விட்டுவிட்டால் நமக்கு என்ன குறைந்துவிடும்? அவர்கள் இன்னும் இருக்கிறார்கள், திருவிழாவுக்கு வந்து போகிறார்கள். நான் சரித்திரம் படித்தவள் இல்லை, வங்கியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவள். தேதியைக் கூட்டிக் கழிக்கத் தெரியும், அவ்வளவுதான்.

இரண்டாவது நடை மாலைக்கு. 1933இல் கட்டி முடித்த மலைக்கோவில் சர்ச், பக்கத்தில் ரயில் நிலையம், அப்படியே மேற்கே போனால் லாங் சன் புத்தர் கோயில். மூன்றும் ஒரே கோட்டில் வரும். லாங் சன்னில் 152 படி ஏறினால் வெள்ளை புத்தர். பீடத்தைச் சுற்றி, 1963இல் பௌத்தர்களை ஒடுக்கிய அரசை எதிர்த்துத் தீக்குளித்த பிக்கு, பிக்குணிகளின் முகங்கள். அவர்களில் சைகோன் நடுத்தெருவில் தீக்குளித்த திச் குவாங் டுக் இதே மாகாணத்துக்காரர். உங்கள் அம்மாவுக்குப் படி முடியாது என்றால் பாதி வழியில் படுத்த புத்தர் இருக்கிறார், அங்கேயே உட்காரச் சொல்லுங்கள்.

காசு விஷயத்தில் ஒன்று: 20,000 டாங் நோட்டும் 5,00,000 டாங் நோட்டும் இரண்டுமே நீலம். மாலை வெளிச்சத்தில் காபிக் கடையில் கொடுக்கும் முன் சைபரை எண்ணுங்கள். அந்தக் காபி இனிப்புப் பாலோடு ஐஸ் போட்டு வரும், கூடவே பல கடைகளில் ஐஸ் டீ சும்மாவே வைப்பார்கள். அப்படி ஒரு கடையில் உட்கார்ந்தால் கழிப்பறைப் பிரச்சினையும் தீர்ந்தது.

கார் வேண்டவே வேண்டாம் என்று நான் சொன்னதாக யாரும் கீழே எழுத வேண்டாம். விமான நிலையம் கேம் ரானில், 30 கிலோமீட்டருக்கு மேல், அதை நடக்கச் சொல்லவில்லை. அம்மாவோடு போனால் போ நகருக்குப் போகும்போது நடங்கள், திரும்பும்போது செயலியில் டாக்ஸி கூப்பிடுங்கள். நாள் வாடகைக் கார் தண்டச் செலவு. அக்டோபர், நவம்பரில் டிக்கெட் போட்டிருந்தால் மட்டும் மாற்றப் பாருங்கள். அது அங்கே அடைமழைக் காலம், நடைபாதை ஓடெல்லாம் வழுக்கும், கடலிலும் இறங்க முடியாது.